வெயாத்தா குறைந்த வருடம்

அலுமிதா தன் ஓலைக்கூடையைப் பாறைமேல் கவிழ்த்தார். மூன்று வெயாத்தா, ஓடில்லாத கடல் நத்தைகள், விழுந்தன. ஒன்று விழுந்த இடத்திலேயே ஊதா மையைக் கக்கியது.

"மூணு," என்றார். "விடிஞ்சதுலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. மூணே மூணு. இப்ப சொல்லுங்க, உங்கள்ல யாரு முழுகாம இருக்கறது?"

நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கடல் வற்றிக் கிடந்தது. அலை தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. என் அம்மா கெலேரா லைசானியைப் பார்த்தாள். லைசானி எங்கள் ஊருக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"ஏன் சின்னம்மா என்னையே பாக்கறீங்க?" என்றாள் லைசானி.

"பின்ன யாரப் பாக்கறது? பெரியம்மாவயா?"

"என்னைத்தான் பாரேன்," என்றார் அலுமிதா. "அறுபத்திரெண்டு வயசு. அவர் போய்ப் பதினோரு வருஷம். என் வயித்துல ஏதாச்சும் இருந்தா அதுக்குப் போதகர்தான் விளக்கம் சொல்லணும்."

அம்மா சிரித்த சிரிப்பில் அவள் தோளிலிருந்த கூடை நழுவியது. லைசானி சிரிக்கவில்லை.

"எனக்குப் போன வாரம்தான் வந்துச்சு. எங்க மாமியாரக் கேளுங்க. கொடில எத்தனை துணி காயுதுன்னு அவங்கதான் எண்ணிக்கிட்டே இருக்காங்க."

"அப்ப சேனியா?" என்று அலுமிதா என் பக்கம் திரும்பினார்.

நான் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இல்லை என்று தலையாட்டினேன்.

"இவளா?" என்றாள் அம்மா. "இவ வாயத் தொறந்து ஒருத்தன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசட்டும் முதல்ல. அப்புறம் பாத்துக்கலாம்."

"நீ எப்படி?"

"அஞ்சு பெத்துட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன் பெரியம்மா. ஆஸ்பத்திரிச் சீட்டு பெட்டில இருக்கு, வந்து பாத்துக்கோ."

மிச்சம் இருந்தது தோரிகா அத்தை ஒருத்திதான். என் மாமா இசிமேலியின் மனைவி. சற்றுத் தள்ளி ஒரு குழிநீரின் ஓரம் குந்தியிருந்தாள். வலது கை தோள்வரை தண்ணீருக்குள் இருந்தது. அவளைக் கேட்க வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தோன்றியிருக்காது. ஆனால் அண்ணன் மனைவியை நாளுக்கு நாலு தடவை கேலி செய்யாவிட்டால் என் அம்மாவுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

"என்ன மதினி, உன் கதை என்ன? எங்கண்ணன் இன்னும் கெட்டியாத்தான் இருக்காரா?"

"உங்கண்ணன் காவலுக்குப் போயிட்டு விடியக்காலம் வந்து விழறாரு. குறட்டை மட்டும்தான் கெட்டி," என்றாள் அத்தை. பிறகு கையை வெளியே எடுத்தாள். கையில் ஒன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு மாசமா வரல," என்றாள்.

வீட்டில் உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

"என்ன வரல?"

"அதான். கேட்டீங்க, சொல்றேன்."

அலுமிதா பாறையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாப்பத்தஞ்சு வயசுல," என்றாள் பொத்திய கைக்குள்ளேயே.

"நாப்பத்தாறு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"எனக்கே தெரியாது. நீங்கதான சொல்றீங்க."

"உனக்குத் தெரியாட்டி என்ன," என்றார் அலுமிதா. "வெயாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கே."

அம்மா அத்தையின் கூடையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். லைசானி அத்தையின் கையைப் பிடித்து, வழுக்கும் பாறைகளைச் சுற்றிக் கரைக்குக் கூட்டிப்போனாள். அத்தை எங்கள் ஊருக்கு வந்து இருபத்துமூன்று வருடம். அதுவரை யாரும் அவள் கையைப் பிடித்துக் கரையேற்றியதில்லை.

எங்கள் ஊரான லோமனிவையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வயிற்றில் பிள்ளை இருப்பதை மறைத்துக்கொண்டு ஒருத்தி கடலில் கால் வைத்தால், அவளோடு போகிற மற்றவர்களுக்கும் ஒன்றும் அகப்படாது. சொல்லிவிட்டால் குற்றமில்லை. சொன்னவள் கரையில் இருப்பாள், கடல் பழையபடி கொடுக்கும். அந்த வருடம் வெயாத்தா மாதாமாதம் குறைந்தபோது அதனால்தான் நாங்கள் கடலைப் பார்க்கவில்லை. எங்களுக்குள் ஒரு பெண்ணைத் தேடினோம்.

எவ்வளவு குறைந்தது என்பது என் நோட்டில் இருந்தது. ஊரின் கடல் காவல் குழு இரண்டு வருடம் முன்பு இந்தக் கணக்கெடுப்பை ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை, நீர் நன்றாக வற்றும் நாளில், பாறைத்திட்டின் மேல் இரண்டு கம்புகளுக்கு நடுவே ஐம்பது பாகம், அதாவது ஐம்பது கைவிரிப்பு நீளத்துக்குக் கயிறு கட்டுவோம். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் கை எட்டும் தூரத்தில் கிடக்கிற வெயாத்தாவை எண்ணி முடித்த பிறகுதான் யாரும் பொறுக்கலாம். ஓடில்லாத இந்த நத்தை முழுசாக வளர்ந்தால் இரண்டு கை நிறைய இருக்கும். ஆனால் பாறையும் பாசியும் என்ன நிறமோ அதுவும் அதே நிறம், மிதித்தால்தான் தெரியும். அவர்கள் எண்ணிச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முந்தைய வருடம் அதே மாதத்தில் அறுபத்துமூன்று. பிறகு நாற்பது, இருபத்தாறு, பதினொன்று. அலுமிதா கூடையைக் கவிழ்த்த அன்று ஒன்பது.

எண்ணுக்குப் பக்கத்தில் நிறைய, சுமார், அரிது என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அறுபத்துமூன்று வந்த மாதமும் சுமார் என்றுதான் குறிக்கச் சொன்னார்கள், ஒன்பது வந்த மாதமும் சுமார் என்றுதான் குறிக்கச் சொன்னார்கள். நிறைய என்று எழுதினால் பெருமையடித்தது போலாகும். அரிது என்று எழுதினால் கடலைக் குறை சொன்னது போலாகும். எங்கள் ஊரில் இரண்டையும் நாகரிகம் உள்ளவர்கள் செய்ய மாட்டார்கள். இருபத்துநான்கு மாதமும் நான் நடுக்கட்டத்தில்தான் கோடு போட்டிருந்தேன்.

குழிநீர்களில் வேறு நத்தைகளும் உண்டு. தின்ன உதவாதவை என்பதால் அவற்றுக்குக் கட்டம் கிடையாது. ஒருமுறை அத்தை என்னைக் கூப்பிட்டு, நீல உடம்பில் மஞ்சள் ஓரம் வைத்த, நகம் அளவே இருந்த ஒன்றைக் காட்டினாள்.

"இத எழுதினியா?"

"இது ஒண்ணே ஒண்ணுதான அத்தை. அரிதுன்னு போடவா?"

"எதுக்கு? இந்தக் குழில எப்பவும் ஒண்ணுதான் இருக்கும். நான் வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். அதுக்கு அதுவே நிறைய. குறையறதுங்கறது வேற."

குறைவது எது என்பதை அவள் கைதான் முதலில் கண்டது. அத்தை கடற்கரைக்காரி அல்ல. எங்கள் ஆறு பிறக்கிற இடத்தில், மலைக்குள் இருக்கிறது அவள் ஊர். இருபத்துமூன்று வயதில் இங்கே வந்தபோது நீச்சல்கூடத் தெரியாது. முதல் நாள் அவள் கூடை நிறையப் பொறுக்கி வந்ததில் பாதி தின்னக்கூடாதது. "மலைக்காரி கல்லக்கூட விடலடி, வேகட்டும்னு அடுப்புல வெச்சிட்டா" என்று அம்மா அந்தக் கதையை ஒவ்வொரு கல்யாண விருந்திலும் சொல்வாள். அத்தையும் உட்கார்ந்து கேட்பாள். ஆனால் மூன்று வருடத்துக்குள் எங்கள் பெண்களில் யாருடைய கூடையையும்விட அவள் கூடை கனமாக வரத் தொடங்கியது. மலையாற்றில் கல்லுக்கு அடியில் கைவிட்டு இறால் பிடித்துப் பழகியவள். நாங்கள் கண்ணால் தேடுவோம். அவள் முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு உள்ளங்கையால் பாசியைத் தடவிக்கொண்டே போவாள். பாசி உடனே அமுங்கிவிடும், வெயாத்தா ஒரு நொடி யோசித்துவிட்டு அமுங்கும் என்பாள்.

இத்தனைக்கும் அவளுக்கு அதைத் தின்னப் பிடிக்காது. எலுமிச்சையும் மிளகாயும் தேங்காய்ப்பாலும் எவ்வளவு சேர்த்தாலும், சளியை விழுங்குகிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஒரு பிள்ளை உண்டாகி நிற்கவில்லை. ஐந்தாம் வருடமும் அப்படியே. அதற்குப் பிறகு இல்லை. மாமா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் எங்கே ஆள் குறைந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். "உனக்கென்ன தோரிகா, பிள்ளையா குட்டியா" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். மாமியார் படுக்கையில் கிடந்த ஒன்பது வருடம் அவளுடையது. என்னையும் சேர்த்து என் அம்மாவின் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்கள் அவளுடையவை. தேவாலய விருந்துக்கு மரவள்ளிக்கிழங்கு உரிப்பது, சாவு வீட்டுக்குப் பாய் முடைந்து கொடுப்பது, விருந்தாளிகளின் துணி துவைப்பது எல்லாம் அவளிடம் போய்ச் சேரும். அவள் முனகி நான் கேட்டதில்லை. ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஆற்றின் மேல்பக்கம் சரளை அள்ளும் இயந்திரம் வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடித்து, முறைப்படி கைதட்டிச் சம்மதம் கொடுத்த காரியம். மாமாவுக்கு அங்கேதான் காவல் வேலை. மழையில்லாத மாதத்திலும் ஆறு தேநீர் நிறத்தில் வந்து எங்கள் கடலில் கலந்தது. ஒருநாள் அத்தை குழிநீரிலிருந்து கையை எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள்.

"பாசி மேல மாவு மாதிரி ஏதோ ஒட்டுது," என்றாள்.

"மழைத் தண்ணி," என்றார் அலுமிதா.

"மழை எங்க பெஞ்சுது?"

அம்மா உடனே யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேச ஆரம்பித்தாள். அத்தை கையைக் கழுவிக்கொண்டாள்.

இதெல்லாம் நோட்டில் ஒன்பது என்று எழுதிய நாளுக்கு முன்பு. ஒன்பதுக்குப் பிறகு அத்தையின் நாட்கள் வேறு மாதிரி ஆயின.

மறுநாள் காலையில் அம்மா அவள் வீட்டு வாசலில் விறகுக் கட்டை இறக்கினாள். லைசானி வந்து துணியை வாரிக்கொண்டு போனாள். அலுமிதா புதுப் பாய் ஒன்றை விரித்து, தலையணை இரண்டு போட்டு, கூரைக்கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வைத்தார். "எழுந்திரிச்சா கால ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மத்தியானம் இளநீர் கொண்டுபோனபோது அத்தை கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கால்களை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு அத்தை?"

"திடீர்னு உடம்பெல்லாம் நெருப்பா எரியுது. அப்புறம் அடங்கிடுது. தூக்கம் இல்ல. ஆனா உக்காந்திருக்கேன்."

"சந்தோஷமா?"

"உக்காந்திருக்கேனே," என்றாள் மறுபடியும்.

அடுத்த மாதம் அவள் இல்லாமல் நாங்கள் நால்வர் கயிறு கட்டினோம். அவள் சொல்லிவிட்டாள், கரையில் இருக்கிறாள், எனவே கடல் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கு கிடைத்தது. லைசானி இரண்டாம் முறை எண்ணினாள். நான்குதான். அம்மா பாறையில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ரெட்டைப் பிள்ளை," என்றாள். "ஒண்ணத்தான சொன்னா. இன்னொண்ணு மறைஞ்சு இருக்கு."

அலுமிதா அதை மறுக்கவில்லை.

அந்த நான்கையும் தேங்காய்ப்பாலில் சமைத்து அத்தைக்கே கொண்டுபோனோம். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசை இருக்கும் என்று அம்மா சொன்னாள். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, அவள் முதல் வாய் எடுப்பதைப் பார்த்தோம். ஊரில் அந்த மாதம் வேறு யாரும் வெயாத்தா தின்னவில்லை. அத்தை ஒவ்வொரு துண்டையும் மெல்லாமல் விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாரு, எப்படி ஆசையாச் சாப்பிடறா," என்றாள் அம்மா. "கொஞ்சம் வெச்சுக்கோ மதினி, சாயங்காலத்துக்கு."

"சாயங்காலம் வேணாம் கெலேரா. இப்பவே முடிச்சுடறேன்."

அதற்கு அடுத்த மாதம் ஒன்று. கயிற்றின் கடைசிக் கம்புக்கு அடியில், விரல் நீளம்கூட இல்லாத குட்டி. அலுமிதா எடுக்க வேண்டாம் என்றார். நான் ஒன்று என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். கட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. திரும்பும் வழியில் அம்மா மீண்டும் லைசானியைப் பார்த்தாள். "உண்மையச் சொல்லுடி" என்றாள். இந்த முறை அது கேலியாக இல்லை. லைசானி வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தாள்.

நான் இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். அவள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். பிறகு, "நாலு மாசம் ஆச்சுல்ல. ஆஸ்பத்திரில பேரு பதியப் போகணும். நீ வரியா? சீட்டு கீட்டு கொடுத்தா படிக்க ஆள் வேணும்," என்றாள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். அம்மா துணைக்கு வருகிறேன் என்றதற்கு, உனக்குத் தலை சுற்றும் என்று அத்தை தடுத்துவிட்டாள். சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஊனாய்சி, தோரிகா அத்தையைப் போலவே பருமனான பெண்மணி, வயதும் ஏறக்குறைய அதேதான். சிறுநீர் எடுத்துப் பார்த்தார். படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். மறுபடி சிறுநீர் எடுத்துவரச் சொன்னார். பிறகு நாற்காலியை அத்தையின் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, உள்ள ஒண்ணும் இல்ல."

"கலைஞ்சு போச்சா?"

"இல்ல. இருந்ததே இல்ல. வயசாயிடுச்சு, அதான் நின்னிருக்கு. எனக்கும் போன வருஷம் நின்னுச்சு."

அத்தை தலையை ஆட்டினாள். பாயின் விலையைக் கேட்டுக்கொள்வது போல ஆட்டினாள்.

"அப்ப இந்தச் சூடு?"

"இந்த வயசுல வரும்."

"எப்ப போகும்?"

"ரெண்டு வருஷம் ஆகலாம். அஞ்சும் ஆகலாம்."

"இந்தக் களைப்பு?"

நர்ஸ் அத்தையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "அது வயசால இல்ல அக்கா. இரத்தம் ரொம்பக் கம்மி. ரொம்ப வருஷமா இப்படித்தான் இருந்திருப்பீங்க. மாத்திரை தரேன். வீட்டுல கொஞ்சம் வேலையக் குறைச்சுக்க முடியுமா?"

"முடிஞ்சுது," என்றாள் அத்தை. "ரெண்டு மாசம்."

மாத்திரைப் பொட்டலத்தில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. தேநீரோடு கூடாது.

திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பஸ் நிற்கும் கொட்டகையில் ஒரு பலகை. சுவர் இருந்த பக்கமாக அத்தை உட்கார்ந்து சாய்ந்துகொண்டாள். நான் எதிர்க்கடையில் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி இரண்டு வாங்கி வந்தேன். அத்தை முழுவதையும் சாப்பிட்டாள். விரலில் ஒட்டிய மஞ்சளை மெதுவாகத் துடைத்தாள்.

"முதல் மாசம் நான் நம்பல," என்றாள். "அவங்க எல்லாம் இவ்வளவு வேலை செய்யறாங்களேன்னு சும்மா இருந்தேன். ரெண்டாவது மாசம் நம்பிட்டேன். பேருகூட நெனச்சேன்."

"என்ன பேரு?"

"அது எதுக்கு இப்ப."

ஒரு சரளை லாரி போனது. தூசி அடங்கும்வரை அத்தை துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"லைசானிய என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அவதான் மறைக்கறாளாம்."

"அடுத்த மாசம் ஒண்ணுகூட இருக்காது. அப்ப அந்தப் பொண்ண என்ன பண்ணுவாங்க?"

நான் ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தை மடித்தேன்.

"எனக்குத் தெரியும் சேனி. கைல ஒட்டின மண்ணு எங்க ஊர் மண்ணு. சின்ன வயசுல மிதிச்ச மண்ண எனக்கு அடையாளம் தெரியாதா? ஆனா நாலு பேரும் என்னையே பாத்தாங்க. என் வயித்துல பிள்ளை இருந்தா கடலுக்கு ஒண்ணும் இல்லன்னு ஆகும். எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு. நான் மறுத்துச் சொல்லல."

"மாமாகிட்ட என்ன சொல்வீங்க?"

"அவர்ட்ட நான் சொல்லிக்கறேன். இந்த ரெண்டு மாசமா எல்லாரும் சிரிச்சாங்க, அவரு மட்டும் சிரிக்கல, கவனிச்சியா? தினம் அந்தத் தண்ணிய அவருதான பாக்கறாரு."

அவள் புடவைபோல் இடுப்பைச் சுற்றியிருந்த துணியை இறுக்கிச் செருகிக்கொண்டாள். பிறகு என் முழங்கை மேல் கை வைத்தாள்.

"ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லாத."

"சொல்லுங்க அத்தை."

"நீதான் அவங்ககிட்ட சொல்லணும்."

"நானா?"

"என் சேதிய நானே எப்படிச் சொல்றது?"

அது உண்மைதான். எங்களில் யாரும் தன் காரியத்தைத் தானே எழுந்து சொல்வதில்லை. பெண் கேட்பது, மன்னிப்புக் கேட்பது, சாவு சொல்வது எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் அதற்கென்று பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவள் அல்ல. அத்தைக்கு அது தெரியும்.

"அலுமிதாப் பெரியம்மா இருக்காங்களே," என்றேன்.

"அவங்க சொன்னா அழகாச் சொல்லுவாங்க. அழகா வேணாம். உங்கம்மாகிட்ட தனியாவும் சொல்லாத. அவ அழுவா, அப்புறம் நான் அவளத் தேத்தணும். எனக்குத் தெம்பில்ல. எல்லாரும் இருக்கறப்ப சொல்லு. முதல்ல என் வயித்துல ஒண்ணும் இல்லன்னு சொல்லு. அவங்க லைசானி பக்கம் திரும்பறதுக்குள்ள, நீ எழுதி வெச்சிருக்கற எண்ணையெல்லாம் வரிசையாப் படி. நிறுத்தாமப் படி. நான் உன் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"ஆத்தப் பத்தி கேட்டா?"

"கேட்டா நான் கைய நீட்டிக் காட்டறேன். அதுக்கு வாய் வேணாம்."

பஸ் வருகிற சத்தம் கேட்டது. அத்தை எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கே சொல்லணுமா அத்தை?"

அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"இன்னைக்கு லைசானி துணி ஊற வெச்சிருக்கா. நாளைக்கு உங்கம்மா விறகு கொண்டாறேன்னா. சனிக்கிழமை சொல்லு, சேனி. அதுவரைக்கும் நான் படுத்துக்கறேன்."